"அது கக்கூஸ் கப்பலாச்சே!" – சீப் க்ரூஸுக்கு பேரு கெடுறதும், அந்தப் பேரு போறதும்

ஹூஸ்டன்ல எங்க தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது "கால்வெஸ்டன்ல இருந்து க்ரூஸ் போலாம்னு இருக்கோம், எது நல்லாருக்கும்"னு கேட்டா போதும், பத்து நிமிஷத்துல ரெண்டு பதில் கண்டிப்பா வந்துரும். ஒண்ணு, "கார்னிவலா? வேணவே வேணாங்க, அது கக்கூஸ் கப்பல்". இன்னொண்ணு, "கார்னிவல்லதாங்க நமக்கு ஒழுங்கா வெஜ் சாப்பாடு கிடைக்கும், அத்தை மாமாவக் கூட்டிட்டு தைரியமா போங்க". ரெண்டு பேரும் ஒரே கம்பெனியப் பத்திதான் பேசுறாங்க, ரெண்டு பேரும் பொய்யும் சொல்லல. ஆனா முதல் பதில் சொல்ற ஆளு பாதி நேரம் கப்பல்ல காலே வெச்சிருக்க மாட்டாரு, பல வருஷம் முன்னாடி டிவில பாத்தத இன்னிக்கும் சொல்லிட்டு இருப்பாரு.

நாங்க ஷுகர்லேண்ட்ல இருக்கோம், இங்கிருந்து கால்வெஸ்டன் துறைமுகம் கார்ல ஒரு மணி நேரம், ஃப்ளைட் செலவு கிடையாது, அதனால பசங்க லீவு, ஊர்ல இருந்து பெரியவங்க வர்ற சமயம், எல்லாத்துக்கும் இந்த மாதிரி விலை கம்மியான க்ரூஸ்தான் எங்களுக்கு வழக்கம். வேற வேற கம்பெனில போயாச்சு. போகப் போக ஒண்ணு புரிஞ்சுச்சு, கம்பெனி பேரு நல்லதா கெட்டதாங்குறதுக்கும் நீங்க ஏறப்போற அந்த நாலு நாளுக்கும் ரொம்ப தூரத்து சொந்தம்தான். நான் பாக்குறது மூணே விஷயம், எந்தக் கப்பல், எந்தத் தேதி, எத்தனை ராத்திரி. அது ஏன்னு சொல்லணும்னா பேரு எப்படிக் கெட்டுச்சு, எப்படிப் போச்சுங்குற கதையச் சொல்லணும், அதுக்கு கார்னிவல விட நல்ல உதாரணம் கிடையாது. ஒண்ணு மட்டும், கீழ கம்பெனி பேரோட வர்றதெல்லாம் பேப்பர்ல வந்து ஊருக்கே தெரிஞ்ச சமாச்சாரம், எங்க சொந்தக் கதை வர்ற இடத்துல பேரு சொல்ல மாட்டேன், கேட்டு மெசேஜ் போடாதீங்க.

கார்னிவல் ஆரம்பிச்சதே கூத்துதான். 1972 மார்ச்சுல டெட் அரிசன்னு ஒரு மனுஷன், எம்ப்ரஸ் ஆஃப் கனடான்னு ஒரு பழைய கப்பல எடுத்து மார்டி க்ரான்னு பேரு மாத்தி மயாமில இருந்து முதல் பயணம் கிளப்புறாரு. உள்ள முன்னூறு ட்ராவல் ஏஜெண்டுங்க, அதாவது நாளைக்கு யாரு டிக்கெட் வித்துக் குடுக்கணுமோ அவங்களையே ஏத்தியாச்சு, துறைமுகத்த விட்டு வெளிய வந்த கையோட கப்பல் மணல் திட்டுல ஏறி நின்னுருச்சு. மயாமி பீச்ல இருந்து பாத்தா தெரியுற தூரம். "மார்டி க்ரா ஆன் த ராக்ஸ்"னு சரக்குக்கு பேரு வெச்சு ஊரே கிண்டல் பண்ணிச்சு, ஆன் த ராக்ஸ்னா ஐஸ் போட்ட சரக்குன்னும் அர்த்தம், பாறையில மாட்டினதுன்னும் அர்த்தம். நஷ்டத்துல போய், 1974ல அரிசன் அந்தக் கம்பெனிய ஒரு டாலருக்கு, அதோட கடனையும் தலையில போட்டுகிட்டு, முழுசா வாங்கினாரு.

அப்ப எண்ணெய் விலை எகிறின நேரம். எரிபொருள மிச்சம் பண்ண கப்பல மெதுவா ஓட்டணும், நிக்குற ஊரையும் குறைக்கணும், அப்ப உள்ள இருக்குறவன் என்ன பண்ணுவான்? கப்பல்லயே பொழுது போகணும். கேசினோ, டிஸ்கோ, பாட்டு, பார், எல்லாத்தையும் உள்ள கொண்டாந்து அதுக்கு "ஃபன் ஷிப்"னு பேரு வெச்சாங்க, பாப் டிக்கின்சன்னு மார்க்கெட்டிங் ஆளோட வேலை அது. அது வரைக்கும் க்ரூஸ்னா கோட்டு சூட்டு போட்ட வயசான பணக்காரங்க சமாச்சாரம். இவங்கதான் சாதாரண வேலைக்குப் போறவன், முத தடவை கடல் பாக்குறவன், அவனக் கூப்பிட்டாங்க. 1984ல கேத்தி லீ கிஃபர்ட்னு ஒரு டிவி பிரபலத்த வெச்சு டிவி விளம்பரம் வேற. கையில இருந்த பழைய கப்பலும் பணமுடையும் சேந்துதான் அந்த ஐடியாவே வந்துச்சு, இதுல எனக்கு அவங்க மேல மரியாதைதான். ஆனா "யாரு வேணாலும் வரலாம்"னு சொல்லி வளந்தா "யாரு வேணாலும் வர்ற இடம்"ங்குற பேரும் கூடவே வளரும். கடல்ல மிதக்குற வால்மார்ட்னு அமெரிக்கக்காரனுங்களே சொல்லுவாங்க, எங்க ஆஃபீஸ்ல ஒருத்தர் அத ஒவ்வொரு தடவையும் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிச் சிரிப்பாரு, அவரும் சனிக்கிழமையானா வால்மார்ட்லதான் நிப்பாரு.

இப்ப அந்தக் கக்கூஸ் மேட்டருக்கு வருவோம். 2013 பிப்ரவரி, கார்னிவல் ட்ரையம்ப், நம்ம கால்வெஸ்டன்ல இருந்தே கிளம்பின கப்பல், நாலு நாள், மெக்சிகோல கொசுமெல்ங்குற தீவுக்குப் போயிட்டு வர்ற ட்ரிப். 10ஆம் தேதி ஞாயித்துக்கிழமை விடியக்காலைல என்ஜின் ரூம்ல தீ. என்ஜின்ல இருந்த எரிபொருள் ஹோஸ் ஒண்ணு கசிஞ்சு, சூடான எடத்துல பட்டு பத்திகிச்சு. தீயணைப்பு சிஸ்டம் வேலை செஞ்சுது, தீய அணைச்சுட்டாங்க, தீயில யாரும் சாகல. ஆனா கரண்டு போச்சு, கப்பல ஓட்டுற சக்தியும் போச்சு. கப்பல் டாய்லெட்லாம் நம்ம வீட்டு டாய்லெட் மாதிரி தண்ணி ஊத்துனா போற டைப் இல்ல, வேக்குவம்ல இழுக்குறது, அதுக்கு கரண்டு வேணும். பயணிகள் 3,143 பேரு, வேலை செய்யுறவங்க 1,086 பேரு, டாய்லெட் பெரும்பாலும் வேலை செய்யல. ரெண்டுக்குப் போக செகப்புக் கலர் ப்ளாஸ்டிக் பை குடுத்தாங்க. உள்ள ஏசி இல்லாம புழுக்கம், நாத்தம், ஜனம் மெத்தையத் தூக்கிட்டு வந்து டெக்ல பெட்ஷீட்டக் கட்டி தூங்குச்சு.

முதல்ல மெக்சிகோவுல ப்ரொக்ரெஸோவுக்கு இழுத்துட்டுப் போறதாத்தான் ப்ளான், நீரோட்டம் கப்பல வடக்க தள்ளிட்டுப் போனதால அலபாமால மொபீலுக்கு மாத்தினாங்க. டக் போட்டுங்குற இழுவைப் படகுங்க இழுக்குது, நடுவுல கயிறு வேற அறுந்துச்சு. வியாழக்கிழமை ராத்திரிதான் கரை சேந்தாங்க. இந்த நாலு நாளும் மேல ஹெலிகாப்டர், சிஎன்என்ல விடாம லைவ், உள்ள இருக்குறவங்க பக்கத்துல வேற கப்பல் வந்தப்ப சிக்னல் கிடைச்சு படம் அனுப்புறாங்க. "பூப் க்ரூஸ்"னு, நம்ம பாஷைல கக்கூஸ் கப்பல்னு, பேரு ஒட்டிகிச்சு, ஒட்டினது ஒட்டினதுதான்.

இங்கதான் எனக்கு சுவாரசியமே ஆரம்பிக்குது. அதுக்கு முந்தின வருஷம், 2012 ஜனவரி 13, இத்தாலில கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதி சாஞ்சு 32 பேரு செத்தாங்க. கோஸ்டாவும் கார்னிவலோட தாய்க் கம்பெனியான கார்னிவல் கார்ப்பரேஷனோடதுதான். எங்க குரூப்ல ஒருத்தர் கூட அத கார்னிவல் கணக்குல எழுதினதில்ல, ஏன்னா கப்பல் மேல எழுதியிருந்த பேரு வேற. 2016ல இன்னொண்ணு, அதே கார்ப்பரேஷனோட ப்ரின்சஸ் கம்பெனி எண்ணெய்க் கழிவ ரகசியக் குழாய் வழியா கடல்ல விட்டதுக்கு 40 மில்லியன் டாலர் அபராதம் கட்டுச்சு, அந்த கேஸ்ல போட்ட நன்னடத்தை கண்டிஷன மீறினதுக்கு 2019ல கார்ப்பரேஷன் இன்னொரு 20 மில்லியன் கட்டுச்சு. இதச் சொல்லி யாராவது டிக்கெட் கேன்சல் பண்ணி நான் பாக்கல. உயிர் போனதும் கடல் கெட்டதும் மறந்துபோச்சு, கக்கூஸ் மட்டும் ஞாபகம் இருக்கு. நாத்தத்துக்கும் படத்துக்கும் அவ்ளோ சக்தி.

இன்னொரு கூத்து கேளுங்க. ட்ரையம்ப் நடந்த அதே 2013, ஜூன் மாசம், சில்வர்சீன்னு ரொம்ப காஸ்ட்லி கம்பெனி, அவங்க சில்வர் ஷேடோ கப்பல் அலாஸ்கால நிக்கும்போது சிடிசிகாரங்க, அதாவது அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு அமைப்பு ஆளுங்க, திடீர்னு ஏறி செக் பண்றாங்க, பாத்தா கறி, சாமான் எல்லாம் ட்ராலி ட்ராலியா வேலைக்காரங்க தூங்குற ரூம்ல ஒளிச்சு வெச்சிருக்கு, இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டக்கூடாதுன்னு. 82 மார்க், ஃபெயில். ஆயிரக்கணக்குல டாலர் குடுத்து சாப்புடுற கப்பல்ல. அந்தக் கம்பெனிக்கு ஏதாவது பட்டப்பேரு இருக்கா? இல்ல. காஸ்ட்லி கம்பெனில தப்பு நடந்தா "எப்பவாவது நடக்கும்", சீப் கம்பெனில நடந்தா "காசுக்கேத்த தோசை". ஏற்கனவே மனசுல ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கோம், அதுக்குப் பொருந்துற செய்தி மட்டும் உள்ள தங்குது.

அந்த மார்க் பத்தி சொல்லிர்றேன், உபயோகமா இருக்கும். வெளிநாட்டுக்குப் போயிட்டு அமெரிக்கத் துறைமுகத்துக்கு வர்ற பயணிகள் கப்பல்கள சிடிசி சொல்லாம கொள்ளாம செக் பண்ணுவாங்க, நூத்துக்கு மார்க், 86 வந்தா பாஸ், 85ம் அதுக்குக் கீழயும் ஃபெயில். கப்பல் பேரப் போட்டா ரிப்போர்ட் வரும், எந்த ஃப்ரிட்ஜ்ல சூடு ஜாஸ்தி, எந்த சிங்க்ல சோப்பு இல்லன்னு வரைக்கும் எழுதியிருப்பாங்க. கார்னிவல் ஃபேன்டசின்னு ஒரு பழைய கப்பல் 2019ல 77 வாங்கிச்சு, அதே கம்பெனியோட வேற கப்பலுங்க நூத்துக்கு நூறும் வாங்கியிருக்கு. ஒரு கம்பெனி பேருக்குள்ளயே இவ்ளோ வித்தியாசம். நான் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கடைசி மூணு நாலு ரிப்போர்ட் பாப்பேன், ஒரு தடவை மார்க் கம்மியானா கவலப்பட மாட்டேன், ஒரே குறை திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா வேற கப்பல் பாப்பேன்.

சரி, அந்தப் பேர எப்படிக் கழுவுனாங்க? விளம்பரத்தால இல்லன்னுதான் நான் சொல்லுவேன். மொதல்ல ஆள் மாறினாரு, 2013 ஜூலைல டெட் அரிசனோட மகன் மிக்கி அரிசன் கார்ப்பரேஷன் சிஇஓ வேலைய விட்டு ஆர்னல்ட் டொனால்ட் வந்தாரு. கப்பல் தத்தளிச்சுட்டு இருக்கும்போது மிக்கி தன் டீம் மயாமி ஹீட் விளையாடுற பாஸ்கெட்பால் மேட்ச்ல உக்காந்திருந்தாருன்னு ஊர் முழுக்கத் திட்டு வேற. ஏப்ரல்லயே 300 மில்லியன் டாலர் ப்ரோக்ராம் அறிவிச்சாங்க, 24 கப்பல்லயும் எமர்ஜென்சி ஜெனரேட்டர் கூட்டுறது, தீயணைப்ப பலப்படுத்துறது, ஒரு என்ஜின் ரூம் போனா இன்னொண்ணு தாங்குற மாதிரி ஒயரிங் மாத்துறது. இத எந்தப் பயணியும் கண்ணால பாக்க மாட்டான், போட்டோ எடுக்க மாட்டான், ஆனா அதுக்கப்புறம் இன்னொரு ட்ரையம்ப் வராம இருக்கணும்னா இதுதான் வேலை. கெட்ட பேரு போறதுக்கு பாதி காரணம், அதே மாதிரி இன்னொண்ணு நடக்காம வருஷம் ஓடுறதுதான்.

அதே வருஷம் மே மாசம் க்ரூஸ் கம்பெனிங்க சங்கம் பயணிகள் உரிமைன்னு ஒரு பட்டியல் ஒத்துகிட்டாங்க, இத எல்லாரும் ஒரு தடவை படிச்சு வெச்சுக்கோங்க. கப்பல் துறைமுகத்துல நிக்கும்போது சாப்பாடு, தண்ணி, டாய்லெட், வைத்தியம் ஒழுங்கா குடுக்க முடியலன்னா நீங்க இறங்கிப் போலாம். மெஷின் கோளாறால ட்ரிப் கேன்சல் ஆனா முழுப் பணம், பாதில முடிஞ்சா பாதிக்கு ஏத்த பணம். என்ன நடக்குதுன்னு நேரத்துக்குச் சொல்லணும். புயலால ஊர் மாத்துறது இதுல வராது, அத வெச்சு கவுண்டர்ல போய் சண்ட போடுறவங்கள நிறைய பாத்திருக்கேன், டைம் வேஸ்ட்.

செப்டம்பர்ல கார்னிவல் இன்னொண்ணு பண்ணாங்க, ஏறி ஒரு நாளைக்குள்ள புடிக்கலன்னு சொன்னா டிக்கெட் காசுல 110 சதவீதம் திருப்பித் தரேன், வீட்டுக்கும் ஃப்ளைட் போட்டு அனுப்புறேன்னு. கேக்க பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும், ஆனா லீவு போட்டு, பெட்டி கட்டி, புள்ளைங்கள இழுத்துட்டு ஏறினவன் எத்தன பேரு இறங்குவான்? அவங்களுக்கு அது தெரியும். பயந்து போய் உக்காந்திருந்த ஆளுங்களுக்கு ஏற ஒரு தைரியம் வேணும், அதக் குடுத்தாங்க. செலவு கம்மி, பேச்சு ஜாஸ்தி, கெட்டிக்காரத்தனம்னா இதான்.

அப்புறம் கப்பல் பேரு. ட்ரையம்ப 200 மில்லியன் செலவு பண்ணி உள்ளார எல்லாம் மாத்தி 2019ல கார்னிவல் சன்ரைஸ்னு இறக்கினாங்க. "பாத்தியா, அசிங்கத்த மறைக்க பேர மாத்திட்டான்"னு சொல்லுவாங்க, ஆனா அதோட கூடப் பொறந்த கப்பலுங்க ரெண்டு, டெஸ்டினி சன்ஷைன் ஆச்சு, விக்டரி ரேடியன்ஸ் ஆச்சு, அதுங்க ரெண்டும் ட்ரையம்ப் மாதிரி எதுலயும் மாட்டல, அதனால அசிங்கத்த மறைக்கிறது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அந்தப் பேரு போனதுல அவங்களுக்கு வருத்தம் இருந்திருக்காது. 2010ல இதே மாதிரி தீப்பிடிச்சு, நேவி ஹெலிகாப்டர்ல ஸ்பாம்ங்குற டப்பாக் கறிய கொண்டு போய் இறக்குனாங்களே, அந்த கார்னிவல் ஸ்ப்ளெண்டர் பேரு மாறல, இன்னிக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு? இன்னொரு பக்கம் பாருங்க, 2021ல ரோலர் கோஸ்டரெல்லாம் வெச்சு புத்தம் புதுசா ஒரு பெரிய கப்பல் விட்டாங்க, அதுக்கு வெச்ச பேரு மார்டி க்ரா. மணல்ல ஏறி நின்னு ஊரே சிரிச்சுதே, அதே பேரு. அம்பது வருஷம் ஆனா அவமானம் கூட பாரம்பரியம் ஆயிரும் போல. அதே சைஸ்ல ஜூபிலின்னு ஒண்ணு 2023 டிசம்பர்ல இருந்து நம்ம கால்வெஸ்டன்லயே நிக்குது, ஏழு நாள் ட்ரிப், அதுல போயிட்டு வந்தவங்ககிட்ட "கக்கூஸ் கப்பல்"னு சொன்னா உங்கள ஒரு மாதிரி பாப்பாங்க.

இது ஒரு கெட்ட பேரு. இன்னொண்ணு இருக்கு, அது அவ்ளோ சீக்கிரம் போகாது, அதான் குடி, சத்தம், அடிதடி. இதுக்கும் ட்ரையம்புக்கும் ஒரு தொடர்பு இருக்குன்னு நான் நெனைக்கிறேன். பேரு கெட்டதும் ரூம் நிரம்பல, நிரப்பணும்னா விலையக் கொறைக்கணும், கொறைச்சாங்க, அந்த வருஷம் லாபக் கணக்கையே இறக்கிச் சொல்ல வேண்டியதாச்சு. விலை அடிமாட்டு ரேட்டுக்கு வந்தா நாலு நாள் குடிச்சுட்டு கூத்தடிக்க ஹோட்டல விட கப்பல் லாபம்னு ஒரு கூட்டம் வரும், அதுல நூத்துல ஒருத்தன் அடிச்சுகிட்டாலும் ஃபோன்ல வீடியோ. 2018ல ஆஸ்திரேலியால கார்னிவல் லெஜண்ட்ல ஒரு குடும்பமே கலாட்டா பண்ணி, ஈடன்ங்குற ஊர்ல போலீஸ் வந்து இறக்கிவிட்டாங்க. 2022 ஜூன்ல கார்னிவல் மேஜிக்ல நடுராத்திரி நைட் க்ளப்ல பெரிய சண்டை, நியூயார்க் வரும்போது கோஸ்ட் கார்ட், அதாவது கடலோரக் காவல் படை, படகு கூடவே வந்துச்சு. இப்ப ரூல்ஸ் இறுக்கமா இருக்கு, 17ம் அதுக்குக் கீழ உள்ள பசங்க ராத்திரி ஒரு மணிக்கு மேல பெரியவங்க இல்லாம சுத்தக்கூடாது, ரகளை பண்ணா 500 டாலர் ஃபைன், திரும்ப வரவே முடியாம தடை. ஒரு பக்கம் ஃபன் ஷிப்னு கூப்பிட்டு இன்னொரு பக்கம் ஃபன்னுக்கு ஃபைன் போடணும், கஷ்டமான பொழப்புதான்.

ஒரு ட்ரிப்ல பஃபேல கன்னியாகுமரி பக்கத்து தம்பி ஒருத்தர் வேலை பாத்தாரு, நாங்க தமிழ் பேசுறதக் கேட்டு தானா வந்து பேசினாரு. நான் கேட்டேன், ஷார்ட் ட்ரிப்பு ஏன் எப்பவும் கொஞ்சம் அழுக்காவே இருக்குன்னு. "அக்கா, ஏழு நாள் ட்ரிப்புன்னா வாரத்துக்கு ஒரு தடவைதான் ரூம் எல்லாம் காலி பண்ணி திரும்ப ஆள் ஏத்தணும். மூணு நாள் நாலு நாள்னா வாரத்துல ரெண்டு தடவை வந்துரும். காலைல கடைசி ஆள் இறங்குறதுக்கும் மத்தியானம் புது ஆள் ஏறுறதுக்கும் நடுவுல எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதுவும் இல்லாம நாலு நாள் வர்றவங்க தூங்க வர மாட்டாங்கக்கா, குடுத்த காசுக்கு நாலு நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்னு வருவாங்க". இத விட தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல. இது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும், பெரும்பாலும் பழைய கப்பலத்தான் ஷார்ட் ட்ரிப்புக்குப் போடுவாங்க, புதுச ஏழு நாளுக்கு. அதே கம்பெனில ஏழு நாள் போனவரும் மூணு நாள் போனவரும் சண்ட போட்டா ரெண்டு பேரும் வேற வேற ஊருக்குப் போயிட்டு வந்தவங்க மாதிரிதான்.

அதனால பெரியவங்களோட, சின்னக் குழந்தையோட போறவங்களுக்கு நான் சொல்றது, மார்ச் மாசம் காலேஜ் பசங்க லீவுல கூத்தடிக்க வர்ற ஸ்ப்ரிங் ப்ரேக்க விட்டுருங்க, லாங் வீக்கெண்ட விட்டுருங்க, வெள்ளிக்கிழமை கிளம்பி திங்கள் வர்றத விட்டுருங்க. ஸ்கூல் தொறந்தப்புறம் செப்டம்பர் அக்டோபர் அமைதியா இருக்கும், விலையும் கம்மி, ஆனா புயல் சீசன், ஊர் மாறினா முகத்த சுளிக்கக் கூடாது. பசங்க ஸ்கூல் இருக்குன்னா டிசம்பர் முதல் வாரத்துல ரெண்டு நாள் லீவு போட்டாலும் போட்டுட்டுப் போங்க, கிறிஸ்துமஸ் வாரம் விலை ரெண்டு மடங்கு ஆகும்.

ரூம் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், பெரியவங்க இருந்தா நடு கப்பல், நடு டெக், மேலயும் கீழயும் ரூமாவே இருக்குற எடமா பாத்து நீங்களே நம்பர் செலக்ட் பண்ணுங்க. கம்பெனியே ரூம் ஒதுக்கட்டும்னு விட்டா இருபது முப்பது டாலர் மிச்சம், ஆனா தலைக்கு மேல நைட் க்ளப் வந்துச்சுன்னா ராத்திரி பூரா டொம் டொம்னு கேக்கும், அத்தை காலைல ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அதுக்கு அந்த முப்பது டாலரே பரவால்ல. கேசினோ இருக்குற டெக் வழியா நடந்தா சிகரெட் நாத்தம் பல கப்பல்ல இருக்கு, ஆஸ்துமா உள்ளவங்க அந்த டெக்க சுத்திப் போற வழிய முத நாளே பாத்து வெச்சுக்கணும்.

ரிவ்யூ படிக்கிறது ஒரு கலை. ஒரு ஸ்டாரையும் அஞ்சு ஸ்டாரையும் நான் தொடறதே இல்ல, மூணு ஸ்டார் குடுத்தவந்தான் பொறுமையா எழுதியிருப்பான். அதுவும் அதே கப்பல் பேரு, கடைசி மூணு மாசம். "சாப்பாடு சுமார்", "க்யூ பெருசு" இதெல்லாம் தள்ளிருங்க, எல்லாக் கப்பல்லயும் அதான். ஏசி, தண்ணி, சாக்கடை வாசன, லிஃப்ட், இந்த நாலு வார்த்தை வேற வேற ஆளு எழுதினதுல திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா அந்தக் கப்பல் ட்ரை டாக் போற வரைக்கும் ஏறாதீங்க. ட்ரை டாக்னா கப்பல ஒரு பெரிய தொட்டில நிறுத்தி தண்ணிய வடிச்சுட்டு ரிப்பேர் பண்றது, எப்ப போச்சு, அடுத்து எப்பங்குறது தேடினா கிடைக்கும். போயிட்டு வந்து ரெண்டு மூணு மாசம் ஆன கப்பல் சூப்பரா இருக்கும், வந்த முத வாரமே ஏறினா பெயிண்ட் வாசனையும் பாதி முடிஞ்ச வேலையும்தான்.

எங்களுக்கு நடந்தது ஒண்ணு. ஒரு ட்ரிப்ல, கம்பெனி பேரு வேண்டாம், முன்னாடி லிஃப்ட் ரெண்டு நாளா ஓடல, மாமாவுக்கு முழங்கால் வலி, யாரும் ஒரு அறிவிப்பும் பண்ணல, கேட்டா "பாத்துட்டு இருக்கோம் மேடம்". வேற கம்பெனில வேற ட்ரிப்ல எங்க பக்கம் ஏசி போச்சு, அன்னிக்கே கேப்டன் மைக்ல வந்து எது கெட்டுச்சு, பார்ட் எந்த ஊர்ல வருது, எத்தன மணிக்கு சரியாகும்னு சொன்னாரு, ராத்திரிக்கு ரூமுக்கு ஒரு ஃபேன் வந்துச்சு, கணக்குல கொஞ்சம் க்ரெடிட்டும் போட்டாங்க. கஷ்டம்னு பாத்தா ஏசி இல்லாததுதான் பெரிசு, ஆனா வீட்ல இன்னிக்கும் திட்டு வாங்குறது அந்த லிஃப்ட் கப்பல்தான். ஒரு கம்பெனி எப்படின்னு தெரியணும்னா கெட்டுப்போன அன்னிக்கு என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. உங்களுக்கு இப்படி நடந்தா வீட்டுக்கு வந்து ஈமெயில் போடலாம்னு இருக்காதீங்க, அங்கயே, அன்னிக்கே, கெஸ்ட் சர்வீஸ்ல போய் சொல்லி, எழுதிக்கச் சொல்லி, அவங்க பேரையும் நேரத்தையும் ஃபோன்ல குறிச்சுக்கோங்க. இறங்கினப்புறம் போனா "அப்பவே சொல்லியிருக்கலாமே"ன்னு அழகா சொல்லிருவாங்க.

காசு விஷயம் சுருக்கமா, விளம்பரத்துல இருக்குற விலை விலையே இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலருக்கு மேல டிப்ஸு, குழந்தைக்கும் சேத்து, கால்வெஸ்டன்ல பார்க்கிங், வைஃபை, இதெல்லாம் கூட்டிட்டு அப்புறமா காஸ்ட்லி கம்பெனியோட கம்பேர் பண்ணுங்க, சில சமயம் வித்தியாசம் ரொம்ப கம்மியா இருக்கும். "உங்களுக்கு ஃப்ரீ க்ரூஸ் விழுந்திருக்கு"ன்னு ஃபோன் வந்தா வெச்சுருங்க. கப்பல் ஹார்ன் சத்தத்தோட ஒரு ரெக்கார்டிங் வருமே, அந்த மாதிரி பஹாமாஸ் ஃப்ரீ க்ரூஸ் கால் பண்ணவங்க மேல 2015ல அமெரிக்க அரசோட வாடிக்கையாளர் பாதுகாப்பு அமைப்பு எஃப்டிசியே கேஸ் போட்டுச்சு. சீப் க்ரூஸுக்கு இருக்குற மோசடிப் பேருல ஒரு பங்கு கப்பலே ஓட்டாத இந்த மாதிரி ஏஜெண்டுங்க சம்பாதிச்சுக் குடுத்தது.

வெஜ் சாப்பாடு வேணும்ங்குறவங்களுக்கு, கார்னிவல் டைனிங் ரூம்ல ராத்திரி இந்தியன் வெஜிடேரியன் தினமும் உண்டு, இது நம்ம ஆளுங்க வாய் வழியா பரவின நல்ல பேரு, எந்த விளம்பரத்துலயும் வரல. ஏறின அன்னிக்கே டைனிங் ரூம் ஹெட் வெயிட்டர்கிட்ட போய் எத்தன பேரு, காரம் எவ்ளோ, வெங்காயம் பூண்டு சாப்பிடுவீங்களா இல்லையான்னு சொல்லிருங்க, முந்தின நாளே சொன்னா மறுநாளைக்கு தனியா பண்ணித் தருவாங்க, அங்க சமையல்ல நம்ம நாட்டு ஆளுங்க நிறைய. மத்த கம்பெனிலயும் கேட்டா கிடைக்கும், கொஞ்சம் விடாம கேக்கணும்.

கடைசியா இன்ஷூரன்ஸ். ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோமேன்னு இருந்துறாதீங்க, கப்பல்ல இருக்குற டாக்டருக்கும், நடுக்கடல்ல இருந்து ஹெலிகாப்டர்ல எடுத்துட்டுப் போறதுக்கும் அது செல்லுமான்னு ஏஜெண்ட்கிட்ட எழுத்துல வாங்குங்க. செல்லாதுன்னா வெளிய தனியா ஒரு ட்ராவல் பாலிசி, கப்பல் கம்பெனி டிக்கெட்டோட சேத்து விக்குறதுதான் வேணும்னு இல்ல, ரெண்டையும் கம்பேர் பண்ணுங்க, மெடிக்கல் எவாக்குவேஷன் தொகை எதுல ஜாஸ்தியோ அத எடுங்க.